கர்நாடக வயலின் கற்றவர் ஸ்காண்டிநேவிய இசை, நடன முகாமுக்குப் போனால் என்ன கிடைக்கும்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். கலிபோர்னியாவில் இருக்கிறீர்கள். பதினைந்து வயது வரை கர்நாடக வயலின் கற்று, பிறகு விட்டுவிட்டீர்கள். ஜூன் மாதம் காட்டுக்குள் ஒரு வாரம் நடக்கும் ஸ்காண்டிநேவிய நாட்டுப்புற இசை, நடன முகாமுக்குத் தோழி ஒருவர் கூப்பிடுகிறார். வயலினுக்காகப் போக ஆசை, நடனம் வராது என்று பயம். ஒரு வாரத்தில் உருப்படியாக ஏதாவது கற்றுக்கொள்ள முடியுமா, நடன வகுப்பைத் தவிர்த்துவிட்டு வாசிப்பை மட்டும் பழகலாமா, பன்னிரண்டு வயது மகளையும் அழைத்துப் போகலாமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டாவதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் முதலாவதற்கும் தானாகக் கிடைத்துவிடும்.

நான் சுவீடனில் உப்சாலாவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். வந்த மூன்றாவது வருடம் முதல் இந்த இசையை வாசிக்கிறேன், அதற்கு இரண்டு வருடம் கழித்து ஆடவும் தொடங்கினேன். கோடையில் வகுப்பு, முகாம், ஸ்பெல்மன்ஸ்ஸ்டெம்மா எனப்படும் வயலின்காரர்களின் கூடுகை என்று ஏதாவது ஒன்றுக்குப் போகாத வருடம் குறைவு. அமெரிக்க முகாமுக்கு ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். சுவீடன் பக்கத்து இசையைப் பற்றி அனுபவத்திலிருந்து பேசுவேன். நார்வே பக்கம் நான் இன்னும் மாணவன்தான். டென்மார்க் நடனங்களை ஒரு சில மாலைகள் ஆடியதோடு சரி, அதனால் அதைத் தொடவில்லை.

நடனத்தைத் தவிர்க்கலாமா என்றால், கூடாது. அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் நான் இரண்டு வருடம் வீணடித்தேன்.

சுவீடன் நாட்டுப்புற இசையின் நடுநாயகம் போல்ஸ்கா. மூன்று தட்டுள்ள ஜோடி நடனம், அதற்கு வாசிக்கும் மெட்டுக்கும் அதே பெயர். போஹீமியாவிலிருந்து வந்த இரண்டு தட்டு நடனமான போல்கா வேறு, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது போல்ஸ்கா. மெட்டு பெரும்பாலும் இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் எட்டு ஆவர்த்தனம் போல வரும், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசிப்பார்கள். தாளில் எழுதிப் பார்த்தால் வால்ஸ் மாதிரி சாதுவாக இருக்கும். ஆனால் வால்ஸில் முதல் தட்டுதான் கனம். போல்ஸ்காவில் வாசிப்பவரின் கால் ஒன்றிலும் மூன்றிலும் தரையைத் தட்டும், இரண்டாவது காற்றில் மிதக்கும். அதோடு, பல ஊர்களில் மூன்று தட்டும் ஒரே நீளமும் இல்லை. டாலர்னா மாகாணத்தின் பூடா ஊர்ப் போல்ஸ்காவில் முதல் தட்டு சீக்கிரம் முடிந்துவிடும், இரண்டாவது முன்னாலேயே வந்து விழும். சுவீடிய மொழியில் இதைக் 'குட்டையான ஒன்று' என்றே சொல்கிறார்கள். ஊப்லாண்ட் மாகாணத்தின் போண்ட்போல்ஸ்காவில் அந்த இழுபறி இல்லை. அது நடை போல வழுவழுப்பாக ஓடும்.

தாளம் கற்ற நமக்கு உடனே கை அரிக்கும். குட்டையான முதல் தட்டைக் கேட்டதும் இது ஏழா, எட்டா, மிஸ்ர சாபு போல ஏதாவதா என்று எண்ணத் தொடங்குவோம். நானும் எண்ணினேன். எண்ணிக்கை ஒரு மெட்டில் பொருந்தும், அடுத்ததில் தவறும், ஒரே மெட்டின் இரண்டாம் பகுதியிலேயே தவறும். காரணம், அந்த நீளங்கள் நிலையான கணக்குக்கு உட்பட்டவை இல்லை. மெட்டின் வளைவுக்கும் வாசிப்பவருக்கும் வேகத்துக்கும் ஏற்ப நீளும், சுருங்கும். அப்படியானால் எல்லாரும் எப்படிச் சேர்ந்து வாசிக்கிறார்கள்? உடம்பால். ஆடும்போது முழங்கால் மடங்கி உடல் தாழ்வதும் நிமிர்ந்து எழுவதும் ஒவ்வொரு நடனத்துக்கும் ஒரு தனிப் போக்கில் நடக்கும். இதை ஸ்விக்ட் என்கிறார்கள். முகாமில் முதல் நாள் காலையில் உங்கள் காதில் விழப்போகும் முதல் சொல் அநேகமாக இதுதான். மூன்று தட்டும் எங்கே விழ வேண்டும் என்பதை அந்தத் தாழ்வும் எழுச்சியும்தான் முடிவு செய்கின்றன. அது உங்கள் முழங்காலில் இருந்தால் வில்லில் தானாக வரும். முழங்காலில் இல்லாவிட்டால் எத்தனை பதிவு கேட்டாலும் வில்லில் வராது.

முதல் இரண்டு கோடையில் நான் நடனக் கூடத்துப் பக்கமே போகவில்லை. வாசிப்பு வகுப்புகளில் மட்டும் உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் இருபத்துமூன்று மெட்டுகளைப் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் சுத்தமாக மனப்பாடம் செய்தேன். அந்த இலையுதிர் காலத்தில் ஒரு நடன மாலையில் என்னை வாசிக்கச் சொன்னார்கள். சுரம் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் நான் தொடங்கிச் சிறிது நேரத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஜோடிகள் ஒவ்வொன்றாக வேகம் இழந்து, ஓரமாக நின்றுவிட்டன. யாரும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்த முதியவர் மட்டும், "நீ முதலில் ஒரு வருடம் ஆடு" என்றார். ஆடினேன். அதன் பிறகு அந்த இருபத்துமூன்றில் நான்கைத்தான் திரும்ப எடுத்தேன். அந்த நான்கும் இன்றைக்கும் என்னிடம் இருக்கின்றன.

ஆகவே ஒரு வாரத்தில் என்ன முடியும் என்பதற்கு என் பதில் இது. உறுதியாக முடியும் என்று நான் சொல்லக்கூடியவை: ஷொட்டிஸ் எனப்படும் இரண்டு தட்டு நடனம், வால்ஸ், ஏதாவது ஓர் ஊரின் போல்ஸ்காவில் ஜோடியோடு நடந்து போகும் முதல் படி, நடனத்துக்கு வாசிக்கக்கூடிய இரண்டு மெட்டு. போல்ஸ்காவின் சுழற்சி வாரக் கடைசிக்குள் வருமா என்பது ஆளைப் பொறுத்தது. மூன்று தட்டுக்குள் இருவரும் சேர்ந்து ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும், அதே சமயம் கூடத்தைச் சுற்றி முன்னேறவும் வேண்டும். சிலருக்கு மூன்றாம் நாள் பிடிபடும், எனக்கு மூன்றாம் வருடம்தான் பிடிபட்டது. தலைசுற்றல் வந்தால் சுவரைப் பார்க்காமல் ஜோடியின் முகத்தையோ தோளையோ பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். நன்றாக ஆடத் தெரிந்தவர் ஒருவர் கிடைத்தால் அவரிடம் வெட்கப்படாமல் கேட்டு ஆடுங்கள். ஒரு சுற்று அவரோடு சுற்றினால் ஒரு மணி நேர விளக்கத்தைவிட அதிகம் விளங்கும்.

உங்கள் வயலினைப் பற்றி. நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக அது உதவும், நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் இடறும். உதவுவது காது. இங்கே பாடம் முழுவதும் கேள்விவழிதான். ஆசிரியர் ஒரு சின்னத் துண்டை வாசிப்பார், வகுப்பு திருப்பி வாசிக்கும், அடுத்த துண்டு, பிறகு இரண்டையும் சேர்த்து. தாள் தரமாட்டார்கள், தந்தாலும் கடைசி நாள்தான் தருவார்கள். மேற்கத்திய முறையில் நோட்டேஷன் பார்த்தே வளர்ந்தவர்கள் முதல் இரண்டு நாள் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். வர்ணத்தை வரி வரியாக வாய்ப்பாடமாக வாங்கிய உங்களுக்கு அது பழகிய வீடு. இன்னொன்று, பழைய மெட்டுகளில் சில சுரங்கள் பியானோவின் கட்டைகளுக்கு இடையில் நிற்கும். பெரிய காந்தாரமும் இல்லாமல் சிறிய காந்தாரமும் இல்லாமல் நடுவில் ஒன்று. அதை அபஸ்வரம் என்று நினைத்துத் திருத்திவிடாத காது உங்களுக்கு இருக்கும்.

இடறுவது வலது கை. நமக்கு உணர்ச்சியெல்லாம் இடது கையில், கமகத்தில். வில் நீளமாக, சத்தமில்லாமல் கூடவே வரும். இங்கே தலைகீழ். இடது கை ஒரு சின்ன நடுக்கம், ஒரு துள்ளல் என்று அலங்காரம் செய்வதோடு நின்றுவிடும். தாளத்தின் உயிர் முழுவதும் வில்லில்தான். எந்த இடத்தில் வில்லைத் திருப்புவது, எந்த இரண்டு சுரத்தைத் தட்டின் எல்லையைத் தாண்டி ஒரே வில்லில் கட்டுவது என்பதுதான் மெட்டு. ஆகவே சுரத்தைப் பிடித்தபின் வில்லைப் பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் துண்டிலிருந்தே ஆசிரியரின் வலது மணிக்கட்டைப் பாருங்கள். சுரத்திலிருந்து சுரத்துக்கு விரலை வழுக்கும் ஜாருவைக் கொஞ்ச நாளைக்கு வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் தட்டு எங்கே விழுகிறது என்பதை மழுக்கிவிடும்.

பிடிப்பைப் பற்றியும் கேட்பீர்கள். தரையில் உட்கார்ந்து சுருளைக் காலில் ஊன்றி வாசித்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பழைய படங்களில் இந்த ஊர்க்காரர்களே வயலினை மார்பில் தாழ்த்திப் பிடித்திருப்பதைப் பார்க்கலாம். ஆனால் நடனத்துக்கு வாசிக்கும்போது காலால் தட்ட வேண்டும் என்பதால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கவாவது பழகிக்கொள்ளுங்கள். சுருதி சேர்ப்பில் ஒரு மகிழ்ச்சியான விஷயம் உண்டு. இங்கே சில மெட்டுகளுக்கு வழக்கமான ஜி, டி, ஏ, ஈ சேர்ப்பை விட்டுக் கீழ் இரண்டு தந்தியையும் ஒவ்வொரு படி ஏற்றி ஏ, ஈ, ஏ, ஈ என்று வைப்பார்கள். அது நம்முடைய ஸ, ப, ஸ, ப சேர்ப்பேதான். முதல் முறை அதைக் கேட்டபோது சொந்த ஊர்த் தெருவில் திரும்பியது போல இருந்தது. ஆனால் வகுப்பில் பெரும்பான்மை மெட்டுகள் வழக்கமான சேர்ப்பில்தான் வரும், விரல்கள் குழம்பும். போவதற்கு இரண்டு மாதம் முன்பே மேற்கத்திய செட் தந்தி போட்டு, ஜி, டி, ஏ, ஈ வைத்து எளிய ஸ்வர வரிசைகளை வாசித்துப் பழகிவிடுங்கள்.

இன்னொரு விஷயத்திலும் நம் வளர்ப்பு கைகொடுக்கும். இங்கே மெட்டுகளுக்குப் பெரும்பாலும் தனிப் பெயர் கிடையாது. 'யூர்ட் அன்டெர்ஸ் வழிப் போல்ஸ்கா', 'பிஸ் கல்லெ வழிப் போல்ஸ்கா' என்று யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயரால் சொல்வார்கள். அவர் இயற்றினார் என்று பொருளில்லை, அவர் வாசித்தபடி என்று பொருள். நம் பாடாந்தரம் என்ற சொல்லுக்கு இதைவிட நெருங்கிய உறவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. யூர்ட் அன்டெர்ஸ் என்பவர் டாலர்னாவின் பிங்ஷோ ஊர்க்காரர், 1865 முதல் 1952 வரை வாழ்ந்தவர். அவரிடம் வந்த மெட்டுகளில் பல அதே ஊரின் பெக்கோஸ் பேர் வழியாக வந்தவை. பிஸ் கல்லெ அவர்களுக்கும் முந்தியவர், 1847இல் இறந்தவர், எங்கள் ஊப்லாண்டுக்காரர். மெட்டைக் கற்றுக்கொள்ளும்போது அது யார் வழி என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். சுவீடன்காரர் ஒருவரிடம் அந்தப் பெயரோடு மெட்டைச் சொன்னால் முகம் மலரும், உடனே தன் பெட்டியைத் திறந்து வயலினை எடுப்பார். எனக்கு இந்த நாட்டில் கிடைத்த நண்பர்களில் பாதிப் பேர் இப்படித்தான் கிடைத்தார்கள்.

இந்த மரபு இடைவிடாமல் சுகமாக வந்துசேர்ந்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் சமய மறுமலர்ச்சி இயக்கங்கள் பரவியபோது நடனமும் வயலினும் பாவம் என்று ஒதுக்கப்பட்டன, வயலின்களை எரித்தவர்களும் உண்டு. பிறகு அக்கார்டியன் வந்து புது நடனங்களைக் கொண்டுவந்தது. பழைய வாசிப்பு அழிந்துபோகும் என்று பயந்த ஓவியர் அன்டெர்ஸ் சோர்ன், 1906இல் டாலர்னாவின் யெசுண்டாவில் கிராமத்து வயலின்காரர்களுக்காக ஒரு போட்டி நடத்தினார். 1910இல் ஸ்டாக்ஹோமின் ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நாடு முழுவதிலுமிருந்து வயலின்காரர்கள் கூடினார்கள். அவர் பெயரிலான சோர்ன் பதக்கம் இன்றும் இருக்கிறது. நடுவர் முன் தனியாக வாசித்து வெள்ளிப் பதக்கம் பெறுபவர் ரிக்ஸ்ஸ்பெல்மன் என்று அழைக்கப்படுவார், அதாவது நாட்டின் வயலின்காரர். உங்கள் முகாமின் ஆசிரியர் குறிப்பில் இந்தச் சொல்லைப் பார்த்தால் அது வெறும் விளம்பரம் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த மெட்டுகள் 1922 முதல் 1940 வரை இருபத்துநான்கு பகுதிகளாக வெளிவந்தன, எட்டாயிரத்துக்கு அருகில் மெட்டுகள். அந்தத் தொகுப்பு இல்லாவிட்டால் இன்றைக்கு முகாம்களில் கற்றுத்தர பாதிகூட மிஞ்சியிருக்காது.

முகாமில் பலரும் பல கதை சொல்வார்கள், எதை எவ்வளவு நம்பலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். இது வைக்கிங் காலத்து இசை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். வயலின் இங்கே வந்தது 17ஆம் நூற்றாண்டில். போல்ஸ்கா என்ற பெயர் போலந்தைக் குறிக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அரசவை வழியாக வந்ததா, படைவீரர்கள் வழியாகவா, ஜெர்மனி சுற்றி வந்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. நார்வேயின் வயலின் வகையான ஹார்டாங்கர் ஃபிடில்களில் மிகப் பழையது என்று சொல்லப்படும் ஒன்றில் 1651 என்ற ஆண்டு இருக்கிறது. அந்த ஆண்டைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. கோட்லாண்ட் தீவின் ஷெல்லுங்கெ தேவாலயத்தில் 1350 வாக்கில் செதுக்கிய சிற்பத்தில் இருப்பது, கட்டைகள் உள்ள வில் கருவியான நிக்கெல்ஹார்ப்பாதான் என்று பெரும்பாலானோர் நம்புகிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் அந்தக் கருவிக்கும் இன்று வாசிப்பதற்கும் இடையில் எத்தனையோ மாற்றங்கள். இன்றைய நிக்கெல்ஹார்ப்பா 20ஆம் நூற்றாண்டில்தான் இந்த வடிவத்துக்கு வந்தது. அதில் ஊப்லாண்டுக்காரரான எரிக் சால்ஸ்ட்ரோமின் பங்கு பெரிது. பதினாறு தந்திகள்: மூன்றில் மெட்டு, ஒன்று ஆதார சுருதி போல ஒலிக்கும், மீதிப் பன்னிரண்டும் வில் படாமலே கூட அதிரும். விரலால் தந்தியை அழுத்த மாட்டார்கள், கட்டைகளை அழுத்தி வில்லால் வாசிப்பார்கள்.

நார்வே பக்கம் ஹார்டாங்கர் ஃபிடிலும் அப்படித்தான், மேலே நான்கு தந்தி, அடியில் தானாக அதிரும் நான்கோ ஐந்தோ. அந்த ஒலியை முதல்முறை ஒரு சின்ன அறையில் கேட்டபோது எனக்குத் தம்பூராவின் நினைவுதான் வந்தது. அங்கே ஸ்பிரிங்கார் என்ற மூன்று தட்டு நடனத்தில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூர்மை. தெலெமார்க்கில் முதல் தட்டு நீளம், மூன்றாவது குட்டை. மலை தாண்டி வால்ட்ரெஸுக்குப் போனால் முதல் தட்டு குட்டை, இரண்டாவது நீளம். ஒரே நாட்டின் இரண்டு பகுதிகள், கால் வேறு. சேத்தெஸ்டால் பள்ளத்தாக்கின் வாசிப்பும் ஆட்டமும் பாட்டும் 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. உங்கள் முகாமில் சுவீடன் வகுப்பும் நார்வே வகுப்பும் ஒரே நேரத்தில் இருந்தால், முதல் வருடம் சுவீடனையே எடுங்கள் என்பது என் கருத்து. ஹார்டாங்கர் ஃபிடில் மீது ஆசை இருந்தால் மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு வாரத்தில் இரண்டு நாட்டின் காலையும் ஏற்ற முயன்றால் இரண்டுமே நிற்காது.

ஒரு நாள் எப்படிப் போகும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், ஆனால் எலும்புக்கூடு ஒன்றுதான். காலையில் ஒரு பக்கம் நடன வகுப்பு, இன்னொரு பக்கம் வாசிப்பு வகுப்பு. சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டு, அல்லது குல்னிங். மலைமேட்டுக் கோடைத் தொழுவங்களில் பெண்கள் மாடுகளைத் தூரத்திலிருந்து கூப்பிடப் பாடிய உச்ச சுருதிக் குரல் அது. வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள், காட்டின் நடுவில் நின்று அதைக் கேட்பது வேறு. மாலையில் அல்ஸ்பேல், எல்லாரும் சேர்ந்து வாசிப்பது. இரவு எட்டு மணிக்கு மேல் நடனம், பதிவு செய்த இசை கிடையாது, வாசிப்பவர்கள் மாறி மாறி உட்காருவார்கள். நள்ளிரவு தாண்டியும் போகும். அதற்கு மேலும் தூங்காதவர்கள் ஏதாவது திண்ணையிலோ மரத்தடியிலோ வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். அதற்குப் 'புதர் வாசிப்பு' என்றே பெயர். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தெரிந்த மெட்டாக இருந்தால் சேர்ந்துகொள்ளலாம், தெரியாவிட்டால் மெதுவாக, சத்தமில்லாமல் சுரம் தேடலாம். வட்டத்துக்குள் கையில் போனை நீட்டிப் பதிவு செய்யும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எல்லா வகுப்புக்கும் போக வேண்டும் என்று பணம் கட்டியவருக்குத் தோன்றும். போகாதீர்கள். காலையில் நடனம், பிற்பகலில் வாசிப்பு, இரவு நடனத்தில் இரண்டு மணி நேரம், பிறகு தூக்கம். நான்காம் நாள் உடம்பு ஓயும், அன்று ஒரு வகுப்பை விட்டுவிட்டுத் தூங்குங்கள். தூக்கமில்லாத முழங்காலில் ஸ்விக்ட் வராது, காயம்தான் வரும்.

நடனத்தில் உங்களுக்குத் தயக்கம் இருக்கக்கூடிய ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். போல்ஸ்கா நெருக்கமான பிடிப்பு. ஒருவர் கை மற்றவர் முதுகில் இருக்கும், சுற்றும்போது ஒருவர் பாதம் மற்றவர் பாதங்களுக்கு நடுவே விழும். அறிமுகமில்லாதவரோடு அது நமக்குச் சட்டென்று இயல்பாக வராது. என்னோடு முகாமுக்கு வந்த தமிழ்த் தோழி ஒருவர் முதல் இரண்டு நாள் பெண்களோடு மட்டும் ஆடினார், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் ஜோடியாக ஆடுவது இங்கே சாதாரணம், யார் வழிநடத்துவது என்பதும் மாறிக்கொண்டே இருக்கும். வேண்டாம் என்றால் நன்றி சொல்லி மறுக்கலாம். ஒருவரோடு ஆடிவிட்டால் அவரோடேயே மாலை முழுக்க ஆட வேண்டும் என்பதும் இல்லை. பல இடங்களில் இரண்டு மெட்டு ஆடிவிட்டு நன்றி சொல்லிப் பிரிவார்கள். தனியாக வந்தவர்கள் திண்டாடாமல் இருப்பதும் இதனால்தான்.

உடையைப் பொறுத்தவரை சுடிதார் வசதி. புடவையைக் கடைசி நாள் விருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதைக் கட்டிக்கொண்டு போல்ஸ்கா சுற்ற வேண்டாம், கீழ்க்கரையில் ஜோடியின் கால் சிக்கும். நார்வேயின் புனாத் போன்ற பாரம்பரிய உடையை வாங்கிப் போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை. அவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஊருக்கோ பள்ளத்தாக்குக்கோ உரியவை. செருப்பு விஷயத்தில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். அடிப்பாகம் வழுக்கும் தோல் இருக்க வேண்டும். ரப்பர் அடிப்பாகம் மரத்தரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு சுற்றும், நடுவில் முழங்கால் முறுகும். முகாமில் காலைக் கெடுத்துக்கொண்ட புதியவர்களில் பாதிப் பேராவது இந்தக் காரணத்தால்தான் என்று என் கண் சொல்கிறது. மாற்றிக்கொள்ள நாலைந்து பருத்திச் சட்டை, ஒரு டார்ச், காதுக்குப் பஞ்சு. வாசனைத் திரவியம் வேண்டாம்.

எந்த முகாம் என்று நீங்கள் சொல்லவில்லை. கலிபோர்னியா, ஜூன், காடு என்பதால் ஸ்காண்டியா கேம்ப் மெண்டொசினோவாக இருக்கலாம். ரெட்வுட் மரக் காட்டுக்குள் 1930களில் கட்டிய மெண்டொசினோ உட்லண்ட்ஸ் குடில்களில் நடப்பது, சுவீடனிலிருந்தும் நார்வேயிலிருந்தும் ஆசிரியர்களை வரவழைப்பார்கள். கிழக்குக் கரையில் நியூ ஹாம்ப்ஷயரில் நோர்டிக் ஃபிடில்ஸ் அண்ட் ஃபீட் என்று ஒன்று உண்டு. இரண்டிலும் வருபவர்களில் கணிசமானோர் ஸ்காண்டிநேவிய வம்சாவளி இல்லாதவர்கள், ஆகவே அந்நியமாக உணர்வீர்களோ என்ற கவலை வேண்டாம். எந்த முகாமானாலும் பதிவு செய்யும் முன் ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: ஒரே ஊரின் நடனத்தையும் அதே ஊரின் மெட்டுகளையும் வாரம் முழுவதும் கற்றுத்தருகிறார்களா? தினம் ஒரு நாடு, தினம் ஒரு நடனம் என்று போட்டிருந்தால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் வீடு திரும்பும்போது கையில் ஒன்றும் நிற்காது.

பிடித்துப்போனால் அடுத்த கோடையில் இங்கே வாருங்கள். ஊப்லாண்டின் தூபூவில் 1998இல் எரிக் சால்ஸ்ட்ரோம் நிறுவனம் தொடங்கியது, கோடையில் குறுகிய வகுப்புகள் நடத்துகிறார்கள். பிங்ஷோவில் ஜூலை முதல் புதன்கிழமை கூடும் ஸ்டெம்மா 1969இல் தொடங்கியது. பழைய பண்ணை வீட்டு முற்றத்திலும் சுற்றுவட்ட வயல்களிலும் ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். அங்கே வகுப்பு எதுவும் வேண்டாம், ஒரு மெட்டு தெரிந்தால் போதும். அந்த நாட்களில் இரவு பத்தரை மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருக்கும். தூங்கக் கண்பட்டியும், கொசுவுக்கு மருந்தும் கொண்டு வர வேண்டும்.

மகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள், முகாம் அனுமதித்தால். வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும், எழுதிக் கேட்டுவிடுங்கள். பன்னிரண்டு வயதில் கால் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அவளை வயலின் வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். அங்கே இரவல் நிக்கெல்ஹார்ப்பா இருந்தால் அரை மணி நேரம் கையில் கொடுத்துப் பாருங்கள், கட்டைகள் இருப்பதால் சுரம் சுத்தமாக வரும், குழந்தைகளுக்கு அந்த இயந்திரம் பிடிக்கும். பெரியவர்களோடு ஆட வெட்கப்பட்டால் உங்களோடு ஆடட்டும். அவள் இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு எத்னோ முகாம்களையும் பார்க்கலாம். 1990இல் சுவீடனின் ஃபாலுனில் தொடங்கியவை, இப்போது பல நாடுகளில் நடக்கின்றன. இளைஞர்கள் தங்கள் ஊர் மெட்டை ஒருவருக்கொருவர் காதுவழி கற்றுத்தருவதுதான் அங்கே பாடமே. அவள் அதற்கு நம் பாட்டு ஒன்றைக் கொண்டுபோகலாம்.

போவதற்கு முன் வீட்டில் செய்ய ஒரே ஒரு பயிற்சி சொல்கிறேன். ஊப்லாண்டின் போண்ட்போல்ஸ்கா ஒன்றைத் தேடி எடுங்கள், விக்ஸ்டா லஸ்ஸெ வாசித்த பதிவு கிடைத்தால் அதுவே போதும். வயலினை எடுக்க வேண்டாம். சமையலறையில் அதை ஓடவிட்டு, ஒன்றிலும் மூன்றிலும் கால் வைத்து, இரண்டில் உடம்பை மிதக்க விட்டு நடங்கள். தினம் பத்து நிமிடம், மூன்று வாரம். மகளும் கூட நடக்கட்டும். முகாமுக்குப் போய் முதல் காலை வகுப்பில் ஆசிரியர் ஸ்விக்ட் என்று சொல்லும்போது உங்கள் முழங்கால் ஏற்கனவே தயாராக இருக்கும். அங்கே போய் எந்த ஊர் மெட்டைக் கற்றீர்கள் என்று வந்து இங்கேயே எழுதுங்கள், எனக்குத் தெரிந்த மெட்டாக இருந்தால் அது யார் யார் வழியாக வந்தது என்று சொல்கிறேன்.